அக்குபங்சர்: மாதவிடாய் வலிக்கான ஊசி மருத்துவத்தின் பெயர் விளக்கம்

அக்குபங்சர் என்பது சீனச் சொல் அன்று. சீனத்தில் ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கிவரும் ஒரு மருத்துவ முறைக்கு ஐரோப்பியர் இட்ட இலத்தீன் பெயர் அது. இலத்தீனில் ‘ஆக்குஸ்’ என்றால் ஊசி. ‘புங்க்தூரா’ என்றால் குத்துதல். டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் மருத்துவராக 1674 முதல் 1676 வரை ஜப்பானின் தெசிமா தீவில் பணியாற்றிய வில்லெம் டென் ரைன், அங்கே அறிந்துகொண்ட ஊசி மருத்துவத்தைப் பற்றி 1683இல் இலண்டனில் வெளியான தம் இலத்தீன் நூலில் எழுதியபோது இப்பெயரைக் கையாண்டார். தமிழில் எலும்புக்கும் உருத்திராக்க மணிக்கும் வழங்கும் ‘அக்கு’ என்னும் பழஞ்சொல்லுக்கும் இதற்கும் எவ்வுறவும் இல்லை. ஒலி ஒத்திருப்பது தற்செயலே.

சீனர் இம்முறையை ‘ஜென்ஜியு’ என்கின்றனர். ‘ஜென்’ ஊசியைக் குறிக்கும். ‘ஜியு’ என்பது, மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்ந்த இலையைத் திரித்துப் பற்றவைத்து, உடலின் குறிப்பிட்ட இடங்களில் சூடு காட்டுவதைக் குறிக்கும். ஆகவே மூலப்பெயரில் ஊசியும் நெருப்பும் இணையாக நிற்கின்றன. ஐரோப்பியப் பெயரிலோ ஊசி மட்டுமே எஞ்சியது. மாதவிடாய் வலியைப் பொறுத்தவரை இது சிறிய இழப்பு அன்று. வெந்நீர் ஒத்தடத்தால் தணியும் அடிவயிற்று வலியைச் சீன மருத்துவம் ‘குளிர்ச்சியால் வந்த தேக்கம்’ என்று வகைப்படுத்தி, தொப்புளுக்குக் கீழுள்ள இடங்களில் ஊசியோடு சூட்டையும் சேர்த்தே அளிக்கிறது.

இதைவிட ஆழமான சொல்லுறவு ஒன்று ‘ஜிங்’ என்னும் சீனச் சொல்லெழுத்தில் இருக்கிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலே அதன் முதற்பொருள். அதிலிருந்து, உடலில் நெடுக ஓடுவதாகச் சீன மருத்துவம் கருதும் ஆற்றல் தடங்களுக்கு அதுவே பெயராயிற்று. தவறாமல் நிகழ்வது, ஒழுங்குடையது என்னும் பொருளில் மாதவிடாய்க்கும் அதுவே பெயராயிற்று: ‘யுவே ஜிங்’ என்றால் திங்கள்தோறும் வருவது. மாதவிடாய் வலி ‘தோங் ஜிங்’, அதாவது வலியோடு கூடிய ‘ஜிங்’. ஊசி குத்தும் தடத்துக்கும், அதனால் தணிக்க விரும்பும் மாதப்போக்குக்கும் ஒரே எழுத்து பெயராக இருப்பதை எந்த மொழிபெயர்ப்பாலும் முழுமையாகக் கொண்டுவர இயலாது. இவ்வலிக்கு மிகுதியாகக் கையாளப்படும் இடத்தின் பெயர் ‘சான்யின்ஜியாவ்’. மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பெயரால் வழங்கும் மூன்று ‘யின்’ (சீன மரபு குளிர்ச்சியோடு இணைத்துக் கருதும் கூறு) தடங்கள் சந்திக்கும் இடம் என்பது அதன் பொருள். உட்புறக் கணுக்கால் எலும்பின் முகட்டிலிருந்து நான்கு விரற்கடை மேலே, கீழ்க்கால் எலும்பின் பின்விளிம்பை ஒட்டி அது அமைந்துள்ளது. கருவுற்ற பெண்களுக்கு அவ்விடத்தில் ஊசியிடலாகாது என்பது அம்மருத்துவ மரபின் நெடுங்கால எச்சரிக்கை.

நோயின் பெயரையும் பார்க்க வேண்டும். மேலை மருத்துவம் இதனை ‘டிஸ்மெனோரியா’ என்கிறது. துன்பம், மாதம், ஒழுக்கு எனப் பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்கள் அதில் உள்ளன. தமிழில் ‘சூதகவலி’ என்றொரு பெயர் சித்த மருத்துவ வழக்கில் உண்டு. ஆனால் ‘சூதகம்’ பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் குறித்த வடசொல். அதனால் வலியின் பெயரிலேயே தீட்டும் ஏறிவிடுகிறது. தொல்காப்பியம் ஆளும் ‘பூப்பு’ அழகிய சொல்லாயினும் இன்று முதற்பூப்பையே நினைவூட்டுகிறது. ‘மாதவிடாய்’ என்பதில் உள்ள ‘விடாய்’ களைப்பையும் தாகத்தையும் குறிப்பது. உடலின் சோர்வைச் சொல்லி, பழி எதையும் சுமத்தாத அச்சொல்லை ஒட்டி ‘மாதவிடாய் வலி’ என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

கருப்பையின் உட்படலம் உதிரும்போது சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் கருப்பைத் தசையை இறுகச் செய்வதாலேயே இவ்வலி பெரும்பாலும் எழுகிறது. ஊசி அதனைத் தணிக்கிறதா என்னும் வினாவுக்கு விடை இன்னும் உறுதிப்படவில்லை. 42 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 4,640 பெண்களையும் உள்ளடக்கிய 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் பன்னாட்டு அமைப்பினுடையது), சான்றுகளின் தரம் குறைவாக இருப்பதால் பயன் உண்டென்றோ இல்லையென்றோ துணிய முடியாது என்று முடித்தது. ஆகவே ‘நிச்சயம் குணமாகும்’ என்று எவரேனும் சொன்னால் அதனை ஏற்க வேண்டியதில்லை. முன்பு இல்லாத கடும் வலி புதிதாகத் தோன்றினாலோ, ஆண்டுக்காண்டு மிகுந்தாலோ, கருப்பைக்கு வெளியே உட்படலம் வளர்தல், நார்க்கட்டி முதலியன காரணமா என்று மகப்பேறு மருத்துவரிடம் முதலில் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

இனி, தமிழ்ப் பெயர். ‘ஊசி மருத்துவம்’ என்றால், மருந்தேற்றும் ஊசியையே மக்கள் நினைப்பர். இங்கோ ஊசியின் வழியே எந்த மருந்தும் செல்வதில்லை. ‘குத்தூசி மருத்துவம்’ என்பது இலத்தீனின் இரு உறுப்புகளையும் தமிழில் நேராகத் தருகிறது. கூரை வேய்வதற்கும் மூட்டை தைப்பதற்கும் உரிய பெரிய ஊசிக்குக் குத்தூசி என்ற பெயர் இருப்பதால், மயிரிழை போன்ற ஊசிக்கு அது முரடாகப்படலாம் என்னும் தயக்கத்தை நான் ஒதுக்கவில்லை; எனினும் வழக்கில் ஊன்றிவிட்ட பெயர் அதுவே. சூட்டு முறைக்குச் சித்த மருத்துவத்தின் ‘சுட்டிகை’யை எடுத்தாளலாமா என்றால், அது தோலைச் சுடுவது, சீன முறையிலோ பெரும்பாலும் தோலில் படாமல் அனல் மட்டுமே காட்டப்படுகிறது. எனவே ‘அனலூட்டல்’ என்று தனியே வழங்கி, இரண்டும் சேர்ந்ததைக் ‘குத்தூசி அனல் மருத்துவம்’ எனலாம். விரலால் அழுத்துவது அக்குபிரஷர். அதற்கு ‘அழுத்து மருத்துவம்’ போதும். தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு மட்டும் செய்வோரும் தம் முறையை அக்குபங்சர் என்றே அழைக்கின்றனர். சொல்லின் இரு பாதிகளும் அங்கே இல்லாமையால், அதனைத் ‘தொடு சிகிச்சை’ என்று அழைப்பதே வலியோடு வரும் பெண்ணுக்குத் தெளிவைத் தரும்.