குடம்புளிதானே என்று கேட்காதீர்கள்

கண்கள் மஞ்சளித்து, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று சென்ற வாரம் இன்னொருவர் வந்தார். எடை குறைய மூன்று மாதமாகக் குடம்புளி கேப்சூல். வைரஸ் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. "மீன்குழம்பில் போடுகிற குடம்புளிதானே டாக்டர்?" மார்த்தாண்டத்துக்காரரும் இதைத்தான் கேட்கிறார், நாகர்கோவில்காரரும் இதைத்தான் கேட்கிறார்.

குழம்பில் போடுவது உலர்ந்த பழத்தோல், இரண்டு மூன்று துண்டு. கேப்சூலில் இருப்பது அந்தத் தோலில் உள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலத்தைச் செறிவாக்கிய சாறு. இதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததும், கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போனதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

என் பொறுமையைச் சோதிப்பது அடுத்த வாதம்: "எஃப்எஸ்எஸ்ஏஐ எண் போட்டிருக்கிறதே, அரசாங்கம் சோதித்த மருந்துதானே?" இல்லை. அந்த 14 இலக்க எண், உணவுத் தொழில் நடத்துவதற்கு மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமம். முறுக்குப் பாக்கெட்டிலும் அப்படி ஓர் எண் இருக்கிறது. நோய் தீரும் என்பதற்கு அது சான்றாகாது. 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி இந்தத் துணை உணவுகளின் (ஃபுட் சப்ளிமென்ட்) லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டே ஆக வேண்டும். தயவுசெய்து டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகள் வேறு. அவை 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்கீழ் வருபவை, லேபிளிலேயே அப்படிக் குறிப்பிட்டிருக்கும். துபாயிலிருந்து மகன் அனுப்பிய அமெரிக்கச் சரக்கு என்றாலும் நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துணை உணவை விற்பதற்கு முன் அரசின் ஒப்புதல் தேவையில்லை.

எங்களுக்குத் தெரிய வேண்டியது எந்தச் செடி, எந்தப் பாகம், பொடியா சாறா, எவ்வளவு என்பதுதான். உணவுப் பொருள்களை வகைப்படுத்தும் லாங்குவல் முறையில் மூலம், பாகம், பதப்படுத்திய விதம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. நம் கடைகளில் 'மூலிகைக் கலவை' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தபோது, அதே சாயலில் இருக்கும் வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். தாவரவியல் பெயர் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

கர்ப்பிணிகளும் கல்லீரல் நோயாளிகளும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்காமல் தொடவே கூடாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடனே நிறுத்துங்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்ப்போம் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். வரும்போது டப்பாவையும் கையோடு கொண்டு வாருங்கள். திட்டுவோம் என்று பயந்து மறைத்தால், வைரஸா, பித்தப்பைக் கல்லா என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்கும் நாள்களிலும் வீட்டில் அந்தக் கேப்சூலை விழுங்கிக்கொண்டிருப்பீர்கள்.