கிழிந்த புத்தகத்தைப் ‘புதுப்பிக்க’ முடியாது

‘நூல் புதுப்பித்தல்’ என்று இன்னொரு முறை யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறேன். நூலகவியல் படிப்பில் கிழிந்த தாளை ஒட்டுவது, அவிழ்ந்த ஃபாரத்தை (மடித்துச் சேர்த்த தாள் கட்டு) மறுபடி தைப்பது, கழன்ற அட்டையை முதுகோடு சேர்ப்பது என்று கையால் செய்து பழகுகிற பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ரிப்பேர், அவ்வளவுதான். எங்களுக்குக் கொடுத்த தமிழ்க் குறிப்பில் அதற்கு ஒரு பக்கத்தில் ‘புதுப்பித்தல்’, அடுத்த பக்கத்தில் ‘மறுசீரமைப்பு’, கடைசியில் ‘புனரமைப்பு’. ஒரே வேலைக்கு மூன்று பெயர், மூன்றும் தப்பு.

ரிப்பேர் வந்த வழி இது: லத்தீனில் ‘ரெபராரே’, மறுபடி ஆயத்தமாக்குவது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் சைக்கிள் கடைப் பலகைக்கு வந்து சேர்ந்தது. திரும்பவும் பயன்படுகிற நிலைக்குக் கொண்டுவருவது என்பதுதான் அதில் இருக்கிறதே ஒழிய, புதிதாக்குவது என்பது எங்கேயும் இல்லை. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

முதலில் நடைமுறைத் தொல்லையைச் சொல்கிறேன். நூலகத்தில் ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. எடுத்த புத்தகத்துக்குத் தவணை நீட்டிப்பதுதான் புதுப்பித்தல், எந்த உறுப்பினரைக் கேட்டாலும் சொல்வார். நாங்கள் பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில் ரிப்பேர் மேசைக்கு மேலே ‘நூல் புதுப்பிக்கும் பிரிவு’ என்று அட்டை மாட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பெண் ஒன்று நேரே என்னிடம் வந்து, “அண்ணா, நாளைக்கு டேட் முடியுது, இத்த புதுப்பிச்சுக் குடுங்க” என்று புத்தகத்தை நீட்டியது. என் கையில் பசைத் தூரிகை. அந்தப் பெண் சரியாகத்தான் படித்திருக்கிறது, அட்டை எழுதியவர்தான் தமிழ் தெரியாமல் எழுதியிருக்கிறார்.

இது சின்ன விஷயம், சூழலை வைத்துப் புரிந்துகொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் அந்தச் சொல் வேலையையே தப்பாகச் சொல்கிறது. மேசையில் நடப்பதைப் பாருங்கள். கிழிசலுக்கு ஜப்பானியத் தாள் ஒட்டுகிறோம். கோசோ என்கிற காகித மல்பெரி மரத்தின் உள்பட்டை நாரில் செய்தது, கீழே இருக்கிற எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லியது. அதைக் கத்தரியால் வெட்டக்கூடாது. நனைத்த தூரிகையால் கோடு இழுத்து, அந்த ஈரக் கோட்டில் மெல்லப் பிரித்தால் ஓரத்தில் நார் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டு நிற்கும், பழைய தாளைப் பிடித்துக்கொள்வது அந்தப் பிசிறுதான். நேராக வெட்டிய விளிம்பாக இருந்தால் நாளடைவில் தாள் அந்த இடத்திலேயே மடிந்து உடையும். பசை, கோதுமை ஸ்டார்ச்சைக் காய்ச்சி வடிகட்டியது. ஒட்டு எப்போதும் மூலத் தாளைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். யாராவது மறுபடி இழுத்தால் ஒட்டு பிரியட்டும், தாள் கிழியக் கூடாது. ஒட்டுப் போட்டது கண்ணுக்குத் தெரிந்தால் தெரியட்டும். இதில் எந்த இடத்தில் ஐயா புதுசு வருகிறது?

நிஜமாகவே புதுப்பித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். உடன் படிக்கும் ஒருவன் குறிப்பில் இருந்த சொல்லை நம்பி, வீட்டிலிருந்த பழைய புத்தகம் ஒன்றைச் சென்னை மண்ணடியில் ஒரு பைண்டரிடம் கொண்டுபோய் ‘புதுப்பிச்சுக் குடுங்க’ என்று கொடுத்துவிட்டான். அவர் சொன்னதைச் செய்தார், அவர்மேல் குற்றமில்லை. பழைய அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூன்று பக்கமும் கட்டரில் விட்டு ஓரத்தைச் சீவி, சிவப்புக் காலிகோத் துணி போட்டு (காலிகோ நம்ம கோழிக்கோட்டிலிருந்து போன பெயர்தான், போய்த் திரும்பி வந்திருக்கிறது) பளபளவென்று தந்தார். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்த தாத்தாவின் குறிப்புகளில் பாதி எழுத்து போய்விட்டது. பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் வேறு. மைதாப் பசையில் துத்தம் கலப்பது நம் பைண்டர்களின் பழைய வழக்கம். பூச்சிக்கு நல்லதுதான், ஆனால் அதில் இருக்கிற செம்பு காகிதத்தின் செல்லுலோஸ் சிதைவதை விரைவுபடுத்தும். மரக்கூழில் செய்த அந்தக் காலத்துத் தாள் ஏற்கெனவே அமிலத்தில் பழுத்துக்கொண்டிருப்பது, அதற்கு இது வேறு. ஒரு தப்பான சொல் ஒரு புத்தகத்தைத் தின்றது என்று சொன்னால் மிகையில்லை.

எனக்குத் தெரிந்த இன்னொரு பைண்டர் அண்ணன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “புக்கு புச்சா வோணும்னா கடைல போய் வாங்கிக்க தம்பி. எங்கிட்ட குட்த்தா அதே புக்குதான் திரும்ப வரணும்.” குறிப்பு எழுதியவருக்கு இல்லாத தெளிவு.

‘மறுசீரமைப்பு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1956-இல் மாநிலங்களை மறுசீரமைத்தார்கள், துறைகளை மறுசீரமைக்கிறார்கள், கடனை மறுசீரமைக்கிறார்கள். அமைப்பையே மாற்றி அடுக்குகிற வேலைக்குத்தான் அந்தச் சொல். புத்தகத்தில் ஃபாரங்களின் வரிசையை மாற்றி அடுக்கினால் அடி விழும். ‘புனரமைப்பு’ குளத்துக்கும் கோயிலுக்கும் ஆகிவந்தது, அதுவும் தலையில் வடமொழி, உடம்பு தமிழ். வேதாசலம் என்ற தன் வடமொழிப் பெயரையே மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டவரின் பெயரில் 1958-லிருந்து வெகு காலம் ஒரு நூலகம் இயங்கியது எங்கள் பக்கம் லிங்கிச் செட்டித் தெருவில்தான். அதற்கு நடந்து போகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ‘நூல் புனரமைப்பு’ என்று எழுதக் கொஞ்சமாவது கூச வேண்டாமா? நான் ஒன்றும் தீவிரத் தனித்தமிழ்க்காரன் இல்லை. ரிப்பேர் என்று சொன்னால் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது, தப்பான நல்ல தமிழைவிட அது எவ்வளவோ தேவலை. தமிழில் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தால் ஒழுங்காக எழுதுங்கள் என்பதுதான்.

‘பழுதுபார்த்தல்’ சரியான சொல். பழுது குறளிலேயே இருக்கிறது, ‘பழுதெண்ணும் மந்திரி’. கை வைப்பதற்கு முன்னால் எங்கே என்ன கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. ஆனால் பழுதுபார்ப்பு, பழுதுபார்ப்பாளர் என்று நீட்டும்போது மோட்டார் வாசனை அடிக்கிறது. என் ஓட்டு செப்பனிடலுக்கு. செம்மையிலிருந்து பிறந்தது செப்பம். கோணல் இல்லாத நிலை. குறளில் ‘செப்பம் உடையவன்’ என்றால் நடுவுநிலை தவறாதவன். கோணியதை நேராக்குவது, விலகியதைச் சேர்ப்பது, அதற்கு மேல் எதையும் தொடாமல் விடுவது எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடும்.

செப்பனிடுவது ரோட்டுக்குத்தானே என்று வகுப்பில் ஒருவர் மடக்கினார். ஆமாம், ரோட்டுக்கும்தான், பழைய இலக்கியத்தில் செப்பத்துக்கு நேரான வழி என்றே ஒரு பொருள் உண்டு. அந்த உதாரணம் எனக்குத்தான் சாதகம். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் வந்து பாருங்கள். பள்ளத்தை மட்டும் அடைத்தால் அது செப்பனிடுவது. சுரண்டாமல் கொள்ளாமல் பழைய ரோட்டுமேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, வீட்டு வாசல் தெருவுக்குக் கீழே போய் மழைத் தண்ணி உள்ளே வருகிறதே, அதுதான் புதுப்பிப்பது.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் யாரும் பசையைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பதற்கு அதே குறிப்பில் இன்னும் இரண்டு சான்று. தாளில் நார்கள் ஒரே போக்கில் படிந்திருக்கும், அந்தப் போக்கை ஒட்டி வளைத்தால் சுலபமாக வளையும், குறுக்கே வளைத்தால் முரண்டும். ஒட்டுத் தாளின் போக்கும் புத்தகத் தாளின் போக்கும் ஒத்துப்போகாவிட்டால் காய்ந்ததும் சுருக்கம் விழும். இதை எழுதிய இடத்தில் ‘தானியத் திசை’ என்று இருக்கிறது. கிரெயின் என்றால் தானியம், அகராதியில் முதல் பொருள் அது, முடிந்தது வேலை. நார் ஓட்டம் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம், ‘பசை மீள்தன்மை உடையதாக இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி. பள்ளியில் அறிவியல் படித்தவன் அதை ரப்பர் மாதிரி இழுத்தால் மீள்கிற பசை என்றுதான் நினைப்பான், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். ‘பிற்பாடு ஈரம் கொடுத்து, தாளுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்கக்கூடிய பசையாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் கொஞ்சம் நீளம், ஆனால் யாருக்கும் புரியும். என் பிரதியில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலில்.