8 முதல் 12 வயது: எந்தத் தொடரை யாரிடம் கொடுப்பது?

பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "பையனுக்குப் பத்து வயசு, எந்த புக் சீரிஸ் வாங்கிக் கொடுக்கலாம்?" வயதைச் சொன்னால் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "யாரும் சொல்லாம, அவனாவே கடைசியா படிச்சு முடிச்ச புத்தகம் எது?" பல பேருக்கு இதற்குப் பதில் தெரிவதில்லை. "படிக்கவே மாட்டேங்கிறான், அதனாலதான் கேக்கறேன்" என்பார்கள். சரி, அதுவும் எனக்கு உதவும் தகவல்தான். வயதைவிட அது நூறு மடங்கு உதவும்.

இந்த வயதுக்குத் தொடர்களை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு ஒன்பது வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிடுகிறது. ஆனால் படம் இல்லாத முழு நீளக் கதையில் உட்கார்ந்து நிலைக்க வருவதில்லை. ஒரு நாவலில் அவர்களுக்குக் கடினமான பகுதி முதல் முப்பது நாற்பது பக்கம். யார் யார், எந்த இடம், இந்த உலகத்தில் எது நடக்கும் எது நடக்காது என்பதையெல்லாம் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பாதிப் பிள்ளைகள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். தொடரில் அந்தச் சிரமத்தை ஒரு முறை பட்டால் போதும். இரண்டாவது பாகத்தைத் திறந்ததும் தெரிந்த முகங்கள்; கதை முதல் பக்கத்திலேயே ஓட ஆரம்பித்துவிடும். சொன்ன சொற்களும் வாக்கிய அமைப்பும் திரும்பத் திரும்ப வருவதால் வேகம் தானாகக் கூடும். "ஒரே மாதிரி கதையையே படிச்சுக்கிட்டு இருக்கா" என்று கவலைப்படும் அம்மா அப்பாக்களுக்கு நான் சொல்வது: அந்த ஒரே மாதிரிதான் அவளைப் படிப்பாளியாக்குகிறது, தயவுசெய்து நடுவில் கை வைக்காதீர்கள்.

இப்போது, எதைக் கொடுப்பது? ஒரு சிறுமி 'டைரி ஆஃப் எ விம்ப்பி கிட்' முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து, "மிஸ், இதே மாதிரி வேற இருக்கா?" என்று கேட்டாள். 'இதே மாதிரி' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் படம் போட்ட, சிரிக்க வைக்கும் இன்னொரு டைரியை நீட்டியிருப்பேன். "எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது, காட்டு" என்றேன். நகைச்சுவைப் பக்கம் எதையும் அவள் காட்டவில்லை. நாயகன் கிரெக் செய்த தப்புக்கு அவன் நண்பன் ரௌலி மாட்டிக்கொள்வதும், கிரெக் உண்மையைச் சொல்லாமல் இருப்பதும், அதனால் இருவரும் பேசாமல் போவதும் வருகிற இடத்தைத் தேடி எடுத்தாள். "அவன் இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது இல்ல மிஸ்?" என்றாள். அவளுக்கு வேண்டியது சிரிப்பு இல்லை. நட்பில் ஒருவர் கை ஓங்கி இருந்தால் என்ன ஆகும் என்கிற கதை வேண்டும். ராபின் ஸ்டீவன்ஸ் எழுதிய 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்' தொடரைக் கொடுத்தேன். 1930களில் இங்கிலாந்தின் ஒரு விடுதிப் பள்ளியில் ஹேசல், டெய்சி என்று இரண்டு பெண்கள் துப்பறியும் சங்கம் நடத்துகிறார்கள். தலைவி டெய்சி, எல்லாவற்றையும் எழுதி வைப்பது ஹாங்காங்கிலிருந்து வந்த ஹேசல். கொலையாளி யார் என்பது ஒரு பக்கம் ஓடும். இந்த இருவரில் யார் சொல்வது நடக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். விம்ப்பி கிட்டை விட எழுத்து அடர்த்தியானது என்பதால் முதல் அத்தியாயத்தை நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகவே உங்கள் பிள்ளையிடம் "கதை என்ன?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சை மாதிரி இருக்கும். "எந்த இடம் பிடிச்சுது?" என்று கேளுங்கள். பதிலில் அடுத்த தொடரின் பெயர் ஒளிந்திருக்கும்.

படிக்கவே பிடிக்காத பிள்ளை என்றால் நான் முதலில் எடுப்பது விம்ப்பி கிட் தான். ஜெஃப் கின்னியின் அந்த முதல் புத்தகம் 2007இல் வந்தது. கோடு போட்ட நோட்டில் கையால் எழுதியது போன்ற எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம், சின்னச் சின்னப் பத்திகள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை எவ்வளவு பக்கம் மீதி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேதான் படிக்கும். இதில் பக்கங்கள் சட்டென்று நகர்வதால் முடித்துவிட முடியும் என்ற தைரியம் வருகிறது. இருநூறு பக்கப் புத்தகத்தை முடித்தேன் என்று முதல் முறையாகச் சொல்லிக்கொள்ளும் பிள்ளையிடம் "இதெல்லாம் ஒரு புத்தகமா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சித்திரக் கதைத் தொடர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஜெஃப் ஸ்மித்தின் 'போன்' (Bone), கசு கிபுயிஷியின் 'ஆம்யுலெட்' இரண்டும் ஒன்பது ஒன்பது பாகங்கள். கட்டத்துக்குக் கட்டம் நடுவில் சொல்லாமல் விட்டதை ஊகிக்க வேண்டும், முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க வேண்டும். அது வாசிப்பு இல்லை என்றால் வேறு எது?

எழுத்துகள் இடம் மாறித் தெரியும், ஒரு இடத்தில் உட்கார முடியாது என்று ஏற்கெனவே 'பிரச்சினைப் பிள்ளை' பட்டம் வாங்கியவர்களுக்கு ரிக் ரியோர்டனின் 'பெர்சி ஜாக்சன்'. ரியோர்டன் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். டிஸ்லெக்சியாவும் (வாசிப்பதில் சிரமம்) ஏடிஎச்டியும் (கவனம் நிலைக்காத துறுதுறுப்பு) இருந்த தன் மகனுக்குச் சொன்ன கதையிலிருந்துதான் இது பிறந்தது. கிரேக்கக் கடவுள் ஒருவரின் மகனான நாயகன் பெர்சிக்கும் அவை இரண்டும் உண்டு. எழுத்துகள் ஏன் அவன் கண்ணுக்கு மிதக்கின்றன? அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்தது. ஏன் சும்மா இருக்க முடியவில்லை? அது போர்க்களத்தில் உயிர் காக்கும் வேகம். எல்லோரும் குறை என்று சொன்னதைக் கதை இப்படித் திருப்பிப் போடும் இடத்தில் சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வதை நான் பார்த்திருக்கிறேன். முதல் வரிசை 2005 முதல் 2009 வரை வந்த 5 புத்தகங்கள். ஒரு பெரிய கதையாக ஓடுவதால் வரிசைப்படியே படிக்க வேண்டும். இது பிடித்துப்போன பிள்ளைக்கு அடுத்ததாக ரோஷனி சோக்ஷியின் 'ஆரு ஷா' தொடரைத் தருவேன். அதுவும் 5 புத்தகங்கள், மகாபாரதத்திலிருந்து கிளைத்த கதை. தாத்தா பாட்டியிடம் பாண்டவர் கதை கேட்ட பிள்ளைகள் இதில் முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பெருமிதம் அவர்களுக்குத் தேவை.

சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. கிரெசிடா கவலின் 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' 12 புத்தகங்கள். படத்தில் வரும் டூத்லெஸ் என்ற பெரிய கறுப்பு டிராகனை எதிர்பார்த்துப் போனால், புத்தகத்தில் அது பல்லே இல்லாத, சொன்ன பேச்சு கேட்காத பொடியன். இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் வித்தியாசம் தேடும் ஆர்வம் வரும், சொல்லாவிட்டால் ஏமாற்றம்தான் வரும்.

அடுத்து ஹாரி பாட்டர். பெற்றோர் தாங்களாகவே பெயர் சொல்லிக் கேட்கும் தொடர் இது. நானும் மனதார விரும்பும் தொடர். ஆனால் ஏழு பாகத்தையும் ஒரே பெட்டியாக எட்டு வயதுப் பிள்ளைக்குப் பரிசளிப்பதை நான் ஆதரிப்பதில்லை. முதல் புத்தகம் 1997இல் வந்தது, ஏழாவது 2007இல். அன்று படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் ஒவ்வொரு பாகத்துக்கும் காத்திருந்து, ஹாரியோடு சேர்ந்து வளர்ந்தார்கள். முதல் பாகத்தில் ஹாரிக்குப் பதினொன்று, கடைசியில் பதினேழு. கதையும் அதே அளவுக்கு முதிர்கிறது. பிரிட்டன் பதிப்பில் முதல் புத்தகம் 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். நான்காவது பாகத்தின் முடிவில் ஒரு மாணவன் கொல்லப்படுகிறான், அதற்குப் பிறகு தொடரின் நிறமே மாறிவிடுகிறது. இன்று பெட்டியைப் பிரிக்கும் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. வேகமாகப் படிக்கிறவள் என்றால் சில வாரங்களில் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போய்விடுவாள்.

தடை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் மூன்றையும் தாராளமாகக் கொடுக்கலாம். நான்காவதைத் தரும்போது நீங்களும் கூடவே படியுங்கள், குறைந்தபட்சம் கடைசி அத்தியாயங்களையாவது. ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் அந்த இடத்தைத் தனியாகப் படிக்க விடாதீர்கள். பிள்ளை தானாக நிறுத்திவிட்டு, "அப்புறம் படிக்கிறேன்" என்றால் விட்டுவிடுங்கள். பல பிள்ளைகளுக்குத் தங்கள் எல்லை எது என்று நம்மைவிட நன்றாகத் தெரிகிறது. ஒரு வருடம் கழித்துத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

எந்த வரிசையில் படிப்பது என்ற குழப்பம் அதிகம் வருவது நார்னியா தொடரில். சி. எஸ். லூயிஸ் 1950இல் முதலில் வெளியிட்டது சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் வருகிற புத்தகம். 1955இல் வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' அந்த உலகம் உண்டான கதை என்பதால், இப்போதைய தொகுப்புகளில் அதற்கு எண் 1 போட்டிருக்கிறார்கள். நான் அலமாரி வருகிற புத்தகத்தில்தான் தொடங்கச் சொல்வேன். அலமாரிக்குள் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போகும் சிறுமி லூசியின் காலடியில் பனி தட்டுப்படும்போது, அது எந்த இடம் என்று படிக்கிற பிள்ளைக்கும் தெரியாமல் இருக்க வேண்டும்.

ஒரு வரிசையும் வேண்டாம், கையில் கிடைத்ததைப் படிக்கலாம் என்றால் துப்பறியும் கதைகள். சத்யஜித் ராய் 1965இல் 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகையில் தொடங்கிய ஃபெலுடா கதைகளை நான் விரும்பிக் கொடுப்பேன். கதை சொல்வது ஃபெலுடாவின் இளைய உறவினன் டோப்ஷே. அதனால் பிள்ளையும் அவன் பக்கத்தில் நின்றபடியே தடயங்களைப் பார்க்கும். எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' 21 புத்தகங்கள், 1942இல் தொடங்கியது. அப்பா அம்மாவின் சொந்த விருப்பம் பெரும்பாலும் இதுதான். இன்றும் ஓடுகிறது. ஆனால் பழைய தொடர்களைக் கொடுக்கும்போது ஒரு பத்து நிமிடம் நீங்களும் புரட்டிப் பாருங்கள். பெண் பிள்ளை என்றால் சமையலும் பாத்திரமும் என்கிற எண்ணம் அந்தக் காலத்துக் கதைகளில் கிடக்கிறது. நான்சி ட்ரூ என்ற துப்பறியும் பெண்ணின் தொடரை 1930இல் தொடங்கிய பதிப்பாளர்களே 1959 முதல் பழைய பாகங்களைத் திருத்தி எழுதினார்கள். பிற இனத்தவரை இழிவாகக் காட்டிய பகுதிகளை நீக்கியது அதில் ஒரு பகுதி. புத்தகத்தை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. 'ஃபேமஸ் ஃபைவ்' படித்துவிட்டு, "ஏன் எப்பவும் அந்தப் பொண்ணு ஆனியே பாத்திரம் கழுவறா?" என்று பிள்ளை கேட்டால் உட்கார்ந்து பேசுங்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. முழு செட்டையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். அலமாரியில் வரிசையாக நிற்கும் பதின்மூன்று புத்தகங்கள், படிக்கத் தயங்கும் பிள்ளைக்கு மலைப்பைத்தான் தரும். அதேபோல ஒன்றை மட்டும் எடுப்பதும் தவறு. முதலாவதை வெள்ளிக்கிழமை ராத்திரி முடித்துவிட்டு இரண்டாவதுக்கு ஒரு வாரம் காத்திருந்தால் சூடு ஆறிவிடும். முதல் இரண்டு பாகங்களைச் சேர்த்து எடுங்கள்.

பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டால்? விடுங்கள். தானியேல் பெனாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், அவரும் ஆசிரியராக இருந்தவர், 1992இல் வாசகனின் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் எழுதினார். புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமை அதில் மூன்றாவது, திரும்பப் படிக்கும் உரிமை நான்காவது. பெரியவர்கள் நாம் இரண்டையும் தினமும் பயன்படுத்துகிறோம், பிள்ளைகளுக்கு மட்டும் மறுக்கிறோம். ஐந்தாவது முறையாக அதே பாகத்தை எடுத்துக்கொண்டு போகும் பிள்ளையை நான் தடுப்பதில்லை. தொடர் முடிந்துபோன வருத்தத்தில் இருக்கும் பிள்ளைக்கு உடனே இன்னொரு தொடரைத் திணிப்பதும் இல்லை. சிலருக்கு ஒரு சின்ன இடைவெளி வேண்டியிருக்கிறது.

எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு தொடரின் முதல் பாகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். படித்தவர், அடுத்துப் படிக்கப் போகிறவருக்கு ஒரு வரி எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை. 'மூணாவது சாப்டர் வரைக்கும் போர். அப்புறம் நிறுத்த முடியாது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 'நாய் சாகாது, பயப்படாம படி' என்று இன்னொருவர். நான் எவ்வளவு நன்றாகப் பரிந்துரைத்தாலும் இந்த வரிகளுக்கு இருக்கும் செல்வாக்கு எனக்குக் கிடையாது. பிள்ளைகள் பிள்ளைகளைத்தான் நம்புகிறார்கள். ஆகவே எந்தத் தொடரில் தொடங்குவது என்று வீட்டில் குழப்பமாக இருந்தால், உங்கள் பிள்ளை யாரோடு சேர்ந்து விளையாடுகிறதோ அந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்று விசாரியுங்கள். அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.