ஏழாம் நாள் சோடியம்

மூளையின் அடியில் இருக்கும் சிறு ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரியில் வரும் கட்டியைப் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். முகத்தில் தழும்பு இருக்காது. பலர் சில நாட்களிலேயே வீடு திரும்பிவிடுவார்கள். ஆனால் ஒரு சிக்கல் மட்டும் வீட்டுக்குப் போனபிறகுதான் தலைகாட்டும். ரத்தத்தில் சோடியம் சரியும். பொதுவாக அறுவை முடிந்த 4 முதல் 10 நாட்களுக்குள், அதிலும் ஏழாம் நாளை ஒட்டி.

ஏன் இத்தனை தாமதம்? பிட்யூட்டரியின் பின்மடல் எதையும் தயாரிப்பதில்லை, சேமிக்கும் இடம்தான் அது. சிறுநீரகத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் வாசோபிரசின் ஹார்மோன், மேலே ஹைப்போதாலமஸ் என்ற மூளைப் பகுதியின் நரம்பு செல்களில் உருவாகி, நீண்ட இழைகள் வழியே இறங்கி அங்கே தேங்குகிறது. அறுவையில் அந்த இழைகள் அடிபட்டால் முதல் சில நாட்கள் சுரப்பு நின்றுபோகும். லிட்டர் கணக்கில் சிறுநீர் போகும், தாகம் அடங்காது. பிறகு அடிபட்ட இழை நுனிகள் சிதையத் தொடங்க, தேங்கியிருந்த ஹார்மோன் உடலின் தேவையைப் பாராமல் கசிகிறது. சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாது, ரத்தம் நீர்த்துப்போகும். இருப்பு தீர்ந்தபின், செல்கள் நிறைய இறந்திருந்தால், சிறுநீர்ப் பெருக்கு மறுபடி வந்து நிரந்தரமாகத் தங்கிவிடும்.

மூன்று கட்டங்களும் எல்லோருக்கும் வருவதில்லை. முதல் கட்டமே இல்லாமல் நடுக்கட்டம் மட்டும் வருவதுண்டு. என் கணக்கில் அதுதான் மோசமான ஏமாற்று, ஏனென்றால் மருத்துவமனையில் இருந்தவரை எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

சோடியத்தின் இயல்பு அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அது இறங்க இறங்கத் தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு. "ஆபரேஷன் ஆன தலை, வலிக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுவது எளிது. "நிறைய தண்ணீர் குடி" என்று அன்பாகச் சொல்பவர்கள் இந்த வாரத்தில் கெடுதலே செய்கிறார்கள். அதனால்தான் பல மருத்துவமனைகள் முதல் வாரம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரோடு நிறுத்தச் சொல்லி, ஏழாம் நாள் ரத்தம் பார்க்கின்றன. சிறுநீர்ப் பெருக்கு உள்ளவருக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. அவர் தண்ணீரைக் குறைத்தால் சோடியம் எகிறிவிடும்.

பிட்யூட்டரியின் தூண்டுதலால் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் குறைந்தாலும் சோடியம் இறங்கும். ஆகவே அதற்கு ஈடாகத் தரும் ஸ்டிராய்டு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. குறைந்த சோடியத்தை அவசரமாக ஏற்றுவதும் ஆபத்து, மூளைத்தண்டின் நரம்புறை சிதையலாம். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்குள் ஏற்றுவதே வழக்கம்.

மூக்கின் பக்கமும் தாமதமான தொல்லைகள் உண்டு. ஓரிரு வாரம் கழித்துத் திடீரென ரத்தம் கொட்டலாம். குனிந்தால் தெளிந்த நீர் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அதைச் சளி என்று துடைத்துவிட வேண்டாம். அது மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம்; அது கசிந்தால் அதே வழியில் கிருமி ஏறி மூளையுறை அழற்சி வரலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.