கொண்டை போன பிறகு அந்த உடம்பு என்ன ஆகிறது?

ஹவாயில் பிறந்து, 1993-இல் ஜப்பானிய மல்யுத்தமான சுமோவின் உச்சப் பட்டமான யோகொசுனாவை எட்டிய முதல் வெளிநாட்டவர் அகெபோனோ. 2024 ஏப்ரலில் அவர் இதயச் செயலிழப்பால் இறந்தபோது வயது 54. “களத்தில் இருந்தவரை இருநூறு கிலோவுக்கு மேல் எடையோடு நன்றாகத்தானே இருந்தார், ஓய்வுக்குப் பிறகு மட்டும் ஏன்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஒருவருடைய மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் கேட்ட ‘ஏன் ஓய்வுக்குப் பிறகு’ என்பதற்கு உடலியலில் தெளிவான பதில் உண்டு.

நிறையத் தின்றால் எடை கூடும், எடை கூடினால் சர்க்கரை நோய் வரும் என்பது பள்ளிப் பாடம். சுமோ வீரர் அந்தப் பாடத்துக்கு அடங்காதவர். ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மட்சுசாவா யுஜியின் குழு சுமோ வீரர்களின் வயிற்றை சி.டி. ஸ்கேனில் பார்த்தது. அந்தப் பெரிய தொந்தியில் கொழுப்பின் பெரும்பங்கு தோலுக்கும் தசைக்கும் நடுவே இருந்தது. குடலைச் சுற்றிய உள்ளுறுப்புக் கொழுப்பு, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு. ரத்தச் சர்க்கரையும் கொழுப்பு அளவுகளும் பெரும்பாலும் இயல்பாகவே இருந்தன. நம்மூரில் இதன் தலைகீழைப் பார்க்கிறோம்: கைகால் ஒல்லி, எடை அறுபத்தைந்து கிலோ, வயிறு மட்டும் முன்னே, கூடவே சர்க்கரை நோய்.

குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வழியும் கொழுப்பு அமிலம், ஒரு சிரை வழியாக நேரே கல்லீரலுக்குள் போகிறது. கல்லீரல் அதில் ஊறி, இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. தோலடிக் கொழுப்புக்கு அந்த நேர்வழி கிடையாது. உள்ளுறுப்புக் கொழுப்பு கூடும்போது அடிபோனெக்டின் என்ற நல்ல ஹார்மோனும் ரத்தத்தில் குறைகிறது. அந்த ஹார்மோனை 1990-களின் நடுவில் கண்டறிந்தவர்களில் இதே ஒசாகா குழுவும் ஒன்று. கொழுப்புத் திசுவில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டபோது கிடைத்தது அது. “மல்லனின் தொந்தியை ஸ்கேன் பண்ணி என்ன ஆகப் போகிறது?” என்று நிதிக்குழு ஒன்று கேட்டிருந்தால் இந்த வழியே திறந்திருக்காது. உடனடிப் பயன் சொல்லாத ஆய்வுக்கும் பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கொழுப்பைத் தோலடியிலேயே நிறுத்தி வைப்பது காலைப் பயிற்சி. வெறும் வயிற்றோடு விடியலில் தொடங்குவார்கள். கால்களை அகட்டி, ஒரு காலைப் பக்கவாட்டில் உயரத் தூக்கி, ஓங்கித் தரையில் மிதிப்பது ‘ஷிகோ’, நாளுக்கு நூற்றுக்கணக்கில். பாதம் மண்ணைவிட்டு எழாமல் தாழ்ந்து தேய்த்து நகர்வது ‘சுரியாஷி’. கடைசியில், நெஞ்சைக் காட்டி நிற்கும் இன்னொரு மல்லனை 4.55 மீட்டர் வட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தள்ளுவது ‘புட்சுகரி’. தள்ளி, உருண்டு, எழுந்து, மறுபடி தள்ள வேண்டும்.

தசைச் செல்லுக்குள் குளுட்-4 என்ற புரதம் சின்னச் சின்னக் குமிழ்களில் சுருண்டு கிடக்கிறது. சர்க்கரைக்கான வாசல் அது. சாப்பிட்டதும் இன்சுலின் வந்து செல்லின் வெளிச்சுவரைத் தட்டும். செய்தி உள்ளே கைமாறிப் போகும், குமிழ்கள் சுவருக்கு நகர்ந்து ஒட்டும், வாசல் திறக்கும். தசை சுருங்கும்போது இன்னொரு பாதை வேலை செய்கிறது. சுருங்கும் செல்லில் கால்சியம் பாய்கிறது, எரிபொருள் தீர்கிறது. தீர்ந்ததை உணரும் நொதி விழித்துக்கொள்கிறது. இன்சுலின் தட்டாமலே அதே குமிழ்கள் சுவருக்கு வருகின்றன. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள்வரை அந்தத் தசை இன்சுலினின் மெல்லிய தட்டலுக்கே திறந்துகொள்ளும். சுமோ வீரரிடம் அந்தத் தசை எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வியப்பு. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வீரருடைய உடலில் கொழுப்பைக் கழித்த எடை மட்டும் 121 கிலோ! பதினொரு மணிக்கு அவர் உண்ணும் மலைபோன்ற சோற்றை வாங்கிக்கொள்ள அத்தனை வாசல்களும் திறந்து நிற்கின்றன.

ஓய்வு அறிவித்த வாரத்தில் அந்த வாசல்கள் சாத்தத் தொடங்குகின்றன. பசியும் கிண்ணமும் மாறுவதில்லை. சுமோ வீரர் தலையில் முடிந்திருக்கும் கொண்டையை வெட்டி விடைகொடுக்கும் சடங்கு பல மாதம் கழித்தே வரும். மங்கோலியாவில் பிறந்த யோகொசுனா ஹகுஹோ ஓய்வு பெற்றது 2021 செப்டம்பர், கொண்டை போனது 2023 ஜனவரி. உடம்பு அதுவரை காத்திருக்காது. (அந்தச் சடங்கில் பெண்கள் வட்டமேடை ஏற அனுமதி இல்லை. மகனைக் கடல்கடந்து அனுப்பிய தாய்க்கும் அதே தடைதான். 2018-இல் ஜப்பானின் மைசுரு (Maizuru) நகரில், மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்த பெண்களை மேடையைவிட்டு இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தீட்டு என்ற எண்ணம் உயிருக்குக் குறுக்கே நிற்குமானால் அதை விட்டொழிப்பதே சரி.)

அடுத்தது பிழைப்பு. சுமோ சங்கத்தில் ‘ஒயாகதா’ எனப்படும் ஆசானாகத் தங்க, தலைமுறையாகக் கைமாறும் 105 மூத்தோர் பெயர்களில் ஒன்று வேண்டும். களத்தில் போதிய சாதனை வேண்டும். 1976 முதல் ஜப்பானியக் குடியுரிமையும் வேண்டும். ஹவாய்க்காரரான தகாமியாமா 1980-இல் குடியுரிமை பெற்று, 1986-இல் தனிப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அகெபோனோ அவர் வளர்த்த மாணவர். தந்தை மங்கோலியாவின் ஒலிம்பிக் பதக்க வீரர் என்பதால் அந்நாட்டுக் குடியுரிமையை விடுவது ஹகுஹோவுக்குச் சுலபமாக இல்லை, 2019-இல்தான் மாறினார். ஆசானாகியும், மாணவர் ஒருவரின் வன்முறை விவகாரத்தில் கூடத்தை இழந்து 2025-இல் சங்கத்தைவிட்டு விலகினார். குடியுரிமை மாறாத மங்கோலிய யோகொசுனாக்களில் அசாஷோர்யு தொழிலதிபராகவும், ஹருமாஃபுஜி மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் பள்ளி நிறுவியும், எஸ்டோனிய வீரர் பருதோ 2019-இல் தன் நாட்டில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் வேறு வழி போனார்கள்.

எந்த வழி போனாலும் எடை இறங்க வேண்டும். சாங்கோ எனப்படும் பானை உணவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை: கோழி, மீன், டோஃபு, கீரை. எடை ஏற்றுவது கூடவரும் சோறும் பீரும். பெரிய கிண்ணம் சோறு ஏறத்தாழ 450 கலோரி; அரை லிட்டர் பீர் 200. நாளுக்கு இரண்டு கிண்ணமும் ஒரு பீரும் குறைந்தால் 1,100 கலோரி மிச்சம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. ஆக வாரத்துக்கு ஒரு கிலோ. உடல் இளைக்க இளைக்க இந்த வேகமும் குறையும். பட்டினி கிடந்து இதைவிட வேகமாக இறக்கினால் பித்தக்கல் வரும், தசையும் கரையும். தசை கரைந்தால் வாசல்களும் போயின. அதனால் பானையிலுள்ள புரதத்தைத் தொடக்கூடாது. தேய்ந்த மூட்டுக்கு ஓட்டம் ஆகாது. நீச்சலும் சைக்கிளும் ஆகும். தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்கள், எடை இறங்கும்வரை இரவில் காற்றழுத்த முகமூடி அணிய வேண்டும்.

ஒருகாலத்தில் 280 கிலோவைத் தாண்டிய ஹவாய் வீரர் கொனிஷிகி 2008-இல் இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதில் இரைப்பையின் மேல்முனையைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலோடு நேரே தைப்பார்கள். கொஞ்சம் உண்டதும் வயிறு நிறையும். பசியை அடக்கும் குடல் ஹார்மோன்களும் கூடும். பதிலுக்கு, பி-12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள்முழுக்க வேண்டும். நிறுத்தினால் ரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். யோகொசுனாவாக இருந்த முசாஷிமாருவுக்கு 2017-இல் மனைவி சிறுநீரகம் கொடுத்தார்.

கூடத்திலேயே தங்கிவிட்ட ஆசானுக்கு ஒரு வசதி உண்டு. பயிற்சி மண் பத்தடி தூரத்தில் இருக்கிறது. மேட்டில் மெத்தைபோட்டு உட்கார்ந்து குரல் கொடுப்பவர்களே அதிகம். வரிந்துகட்டி மண்ணில் இறங்கி, நாளும் இரண்டு மாணவருக்காவது நெஞ்சைக் கொடுத்து நிற்கிற ஆசானுடைய தசையில் குமிழ்கள் இன்னும் சுவரை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்.