பிளக்ஸ்: இளக்கியா, கசடுநீக்கியா?

மட்டக்களப்பில் ‘பிளக்ஸ்’ என்றால் வெல்டிங் கடைக்காரருக்குக் கம்பியின் மேற்பூச்சு, தட்டாருக்கு வெண்காரம், உயர்தர மாணவருக்குக் காந்தப் பாயம். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: ‘வழிந்தோடு’ என்னும் இலத்தீன் வினை. ஆங்கிலத்தில் இச்சொல் முன்பு வயிற்றோட்டத்தையும் குறித்தது. நாமும் ‘ஓட்டம்’ என்றுதானே சொல்கிறோம்! புளோரைட்டு என்ற பெயரும் அதே வேரில் முளைத்தது.

உலோகவியலில் இதற்கு ‘இளக்கி’ என்று எழுதுகிறார்கள். இரும்பு உலைக்கு அது சரி. அங்கே சுண்ணாம்புக்கல் மணற்கழிவோடு சேர்ந்து அதைக் கிட்டமாக இளக்கி ஓடவிடுகிறது. அலுமினியத்துக்குப் பொருந்தாது. அது 660 பாகை செல்சியசில் தானே உருகும். அதன்மேல் படியும் ஒட்சைட்டுத் தோலோ 2000 பாகையிலும் இளகாது. இங்கே பிளக்ஸாகத் தூவும் உப்பு செய்வது வேறு வேலை: தோலுக்கும் உலோகத்துக்கும் இடையே புகுந்து இரண்டையும் பிரிக்கிறது. அந்தத் தோல்தான் கசடு. ஆகவே ‘கசடுநீக்கி’ என்பதே பொருத்தம்.

சாதாரண கசடுநீக்கி, சோடியம் குளோரைட்டும் பொற்றாசியம் குளோரைட்டும் ஏறத்தாழச் சரிபாதி கலந்து, சிறிதளவு புளோரைட்டுச் சேர்த்தது. உருகலை 720–740 பாகையில் வைத்து, 10 கிலோவுக்கு 50 முதல் 100 கிராம் தூவி, சூடாக்கிய துளைக்கரண்டியால் மேற்பரப்பைக் கிளற வேண்டும். முதலில் கசடு கட்டிபட்ட பிட்டுமாவைப் போல உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்தால் சாம்பலாக உதிரும், அப்போதுதான் வழிக்கலாம். சூடு குறைந்தால் உப்பு உருகாமல் உள்ளே சிக்கும். பின்னர் அந்த உலோகத்தை உருட்டிய தகட்டில் ஈரம் இழுத்து வெள்ளைப் புள்ளியாக அரிக்கும். உப்பு ஈரமாக இருந்தால் உருகல் தெறிக்கும், ஐதரசனும் ஏறும். மாரியில், அதுவும் வாவிக்கரையில், தகரப்பேணியை மூடி வைப்பது மட்டும் போதாது; தூவுமுன் உப்பைச் சூடாக்கி உலர்த்த வேண்டும். உப்புக்காற்றில் பூத்த பழைய படகுத் தகட்டையும் அப்படியே மூசையில் போடக்கூடாது. புகையில் புளோரைட்டு உண்டு, முகமூடி கட்டாயம்.

‘அழுக்குநீக்கி’ என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. கரைந்த இரும்பை இவ்வுப்பு எடுக்காது. அது உறையும்போது ஊசிபோன்ற படிகங்களாகி, உருட்டும்போது வெடிப்புக்கு வழிவிடும். ஐதரசனை வெளியேற்ற ஆகன் அல்லது உலர்ந்த நைதரசன் குமிழிகள் வேண்டும், அது ‘வாயுநீக்கம்’. ஐதரசன் தங்கிவிட்டால் நுண்துளைகளாகும், தகட்டைச் சூடாக்கும்போது கொப்புளமும் எழும். உறையும் உலோகத்தின் பருத்த படிக மணிகளைச் சிறிதாக்குவது தைத்தானியமும் போரனும் கலந்த அலுமினியக் கம்பி. அதை ‘மணிநுணுக்கி’ எனலாம்.

மகனீசியம் 2 சதவீதத்துக்கு மேலுள்ள கலப்புலோகத்துக்குச் சோடியம் உப்பே ஆகாது. மில்லியனில் சில பங்கு சோடியம் ஏறினாலே சூட்டில் உருட்டும்போது தகட்டின் ஓரம் கிழியும். அதற்கு மகனீசியம் குளோரைட்டும் பொற்றாசியம் குளோரைட்டும் சேர்ந்த கலவையே எடுக்க வேண்டும்.