50 வாட் வானொலி எவ்வளவு தூரம் பேசும்?

இந்தியாவில் விவசாயிகளுக்காக நடக்கும் சமூக வானொலி நிலையங்களில் டிரான்ஸ்மிட்டரின் திறன் பெரும்பாலும் 50 வாட், மிஞ்சிப்போனால் 100 வாட். பழைய குண்டு பல்பு எரியத் தேவைப்பட்ட அளவுதான். இதை வைத்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் பேசிவிடுகிறார்கள்.

இந்த நிலையங்கள் பயன்படுத்தும் பண்பலை, அதாவது எஃப்.எம்., பெரும்பாலான நாடுகளில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், தரையை ஒட்டியே வெகுதூரம் போகும், பண்பலையோ கிட்டத்தட்ட வெளிச்சம் போல நேர்கோட்டில் போவதால் ஆன்டெனாவின் உச்சியிலிருந்து தெரியும் தொடுவானத்தைக் கொஞ்சம் தாண்டியதுமே வலுவிழந்துவிடும். 30 மீட்டர் கோபுரத்துக்கு அந்த எல்லை 20 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். வாட்டை ஏற்றினாலும் எல்லை பெரிதாக நகராது, உயரத்தை ஏற்றினால் நகரும், ஆனால் தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். மரம், கட்டடம், மேடு எல்லாம் குறுக்கே வருவதால் 50 வாட் நிலையம் நிஜத்தில் தெளிவாகக் கேட்பது 10, 15 கிலோமீட்டர்தான். குன்றுக்குப் பின்னால் இருக்கும் ஊருக்குக் கரகரப்பு மட்டுமே மிஞ்சும்.

சரி, இவ்வளவு குறைந்த திறனில் ஒலி எப்படிச் சுத்தமாக வருகிறது? மின்னலும் மோட்டார் தீப்பொறியும் அலையின் உயரத்தைத்தான் அதிகம் கலைக்கும். பண்பலையில் பேச்சு அலையின் உயரத்தில் இல்லை, அதிர்வெண் கூடிக் குறைவதில் இருக்கிறது. அதனால் ரேடியோ பெட்டி உயர வேறுபாடுகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் படிக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்னொரு வசதியும் உண்டு: ஒரே அதிர்வெண்ணில் இரண்டு நிலையங்கள் மோதினால் வலுவானது மற்றதை அமுக்கிவிடும். ஆகவே போதுமான தூரம் தள்ளி இன்னொரு சிறு நிலையத்துக்கு அதே அதிர்வெண்ணைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இந்தக் குட்டி வட்டத்தைப் பலர் குறை என்கிறார்கள். எனக்கு அதுதான் பலமாகத் தெரிகிறது. அதற்குள் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே மழை, ஒரே சந்தை, இந்த வாரம் இலையில் புள்ளி விழுந்தால் அனேகமாக எல்லார் வயலிலும் விழும். மாநிலம் முழுக்கக் கேட்கும் நிலையம் "பரவலாக மழை பெய்யலாம்" என்பதோடு நின்றுவிடும், இங்கே எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறக்கிறார்கள் என்றே சொல்லலாம்.

ஆனால் சொன்னால் மட்டும் போதுமா என்பதை 1956-ல் புனே பகுதியில் யுனெஸ்கோ உதவியோடு சோதித்துப் பார்த்தார்கள். கனடாவில் 1941-ல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றம்தான் முன்மாதிரி. சுமார் 150 கிராமங்களில் மன்றம் அமைத்து, நிகழ்ச்சியைக் கூடிக் கேட்டு, உடனே விவாதித்து, கேள்விகளை நிலையத்துக்கு அனுப்ப வைத்தார்கள். மன்றம் இருந்த ஊர்களில் விஷய ஞானம் நன்றாக ஏறியது, ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் அந்த அளவுக்கு ஏறவில்லை.

காதில் விழுந்ததைப் பக்கத்து வயல்காரரிடம் "இது நம்ம மண்ணுக்கு ஒத்துவருமா?" என்று கேட்டு அலசும்போதுதான் தகவல் ஒரு முடிவாக மாறுகிறது. அப்போது கேள்விகள் தபாலில் போயின, இப்போது போனில் குரலாகவே போகின்றன, அடுத்த ஒலிபரப்பிலேயே பதிலும் வந்துவிடலாம். இந்தத் திரும்பும் வழியை அமைக்காமல் நிபுணர் உரையை மட்டும் ஓட்டும் நிலையத்துக்கு எத்தனை வாட் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.